நாலடிப் புறம்போக்கு

வாங்க, வாங்க. செருப்போட வரலாம், பரவாயில்ல. இல்ல, வேண்டாம், கழற்றிடுங்க. உள்ளே முயல் ஓடுற இடம், வெளி வாசனை அதுங்களுக்கு ஆகாது. போர்டைப் பாத்துட்டுப் போன் பண்ணினது நீங்கதானே? பேங்க் வேலை, மாற்றலாகி வந்திருக்கீங்க, ஒரே ஆளு. நல்லது. நான் கோமளவல்லி. வீடு என்னோடது. சர்வே ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் வரைவாளரா இருந்தேன். இந்த உறையூர்ல பாதி மனைக்கு வரைபடம் என் கையாலதான் வந்திருக்கும். அதனால என் வீட்டுல அளவு மட்டும் தப்பாது.

வாடகைக்கு விடுற போர்ஷன் அந்தப் பக்கம். அவங்க இன்னும் காலி பண்ணல, ஞாயித்துக்கிழமை போறாங்க. காலேஜ் விட்டு வர அஞ்சே கால் ஆகும். ஆள் இல்லாதப்ப கதவைத் திறந்து காட்டுறது மரியாதை இல்ல பாருங்க. அதுவரைக்கும் உட்காருங்க. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிடுறேன். நாளைக்கு நீங்க என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

தண்ணி உப்பு. அதாவது, அவ்வளவு உப்பு இல்ல. காவேரித் தண்ணிதான், ரெண்டு வேளையும் வரும், என் வீட்டுத் தண்ணி மாதிரி இந்தத் தெருவுல யார் வீட்டுலயும் கிடையாது. ஆனா உங்களுக்கு ஒத்துக்காம போகலாம். கொசு உண்டு. மத்தியானம் மேற்கு வெயில் நேரா சமையல்கட்டுல விழும். நானே பிளான் போட்டுக் கட்டின வீடு, யாரும் குறை சொல்ல முடியாது, இருந்தாலும் வெயில் வெயில்தானே. வாடகையை அப்புறம் பேசுவோம்.

முதல்ல ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு முயல் பிடிக்குமா? தலையை ஆட்டுறீங்க, பிடிக்கும்னு ஆட்டுறீங்களா, பிடிக்காதுன்னு ஆட்டுறீங்களா? பேசவே மாட்டேங்கிறீங்களே. பரவாயில்ல. பேசாதவங்க எனக்குப் புதுசில்ல. இந்த வீட்டுலயே ஒருத்தர் ஏழு மாசமா எங்கிட்ட பேசறதில்ல. நானும் அவங்ககிட்ட பேசறதில்ல. அது வேற.

இப்படித் திரும்பிப் பாருங்க. இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நீளமா ஒரு நடைவழி தெரியுதா? நாலடி அகலம், பதினாலடி நீளம். இந்த முனையில என் கதவு, அந்த முனையில அவங்க கதவு. நடுவுல ஈரச் சாக்கு மேல ரெண்டு பேர் படுத்திருக்காங்க பாருங்க. சாம்பல் நிறத்துல இருக்கிறது தாசில். முழுப்பேர் தாசில்தார். முன்னங்காலை உள்ளே மடிச்சு, தொப்பையைத் தரையில பரப்பிக்கிட்டு, கோப்பைத் திறந்துகூடப் பாக்காம நாளைக்கு வாங்கன்னு சொல்ற பார்வை. வேற என்ன பேர் வைக்கிறது? அது என் முயல். அது மேல தலையை வச்சுத் தூங்குற வெள்ளை, பஞ்சு. அது என்னோடது இல்ல. அது ஜெசிந்தாவோடது. அதாங்க, காலி பண்ணிட்டுப் போறவங்க.

ஜெசிந்தா காலேஜ்ல விலங்கியல் லேப்ல இருக்காங்க. நாலு வருஷமா இங்கே குடியிருக்காங்க. நல்ல மனுஷிதான். கோமளாக்கா கோமளாக்கான்னு வாய் நிறையக் கூப்பிடுவாங்க. போன ஆடி மாசம் அந்த நடைவழியில குரோட்டன்ஸ் தொட்டி ரெண்டு கொண்டுவந்து வச்சாங்க. கேக்காம வச்சாங்க. தொட்டி பெரிய விஷயமா? இல்லதான். ஆனா நான் சர்வே ஆபீஸ்ல பாத்திருக்கேன். இன்னைக்குத் தொட்டி வைப்பாங்க, நாளைக்குச் செடி வளரும், நாளான்னைக்கு இது எங்க அனுபவத்துல இருக்குன்னு நிப்பாங்க. அதனால டேப்பை எடுத்து அவங்க எதிர்லயே அளந்து காட்டினேன். இது வரைக்கும் உங்களுது, இது வரைக்கும் என்னுதுன்னு சுண்ணாம்புக்கட்டியால கோடும் போட்டேன். அவங்க தொட்டியை எடுத்து உள்ளே வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்தினாங்க. நானும் என் கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான். சண்டை எல்லாம் இல்ல. சும்மா பேச்சு நின்னுபோச்சு.

அதுக்குன்னு சொல்ல வேண்டியதைச் சொல்லாம இருக்க முடியுமா? மோட்டார் போடுறது, கேட்டைப் பூட்டுறது எல்லாம் இருக்கில்ல? ஜாடையில சொல்லிக்குவோம். நான் இங்கே நின்னு சுவரைப் பாத்து, சில பேர் கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போறாங்க, மாடு உள்ளே வருதுன்னு சொல்லுவேன். அவங்க அந்தப் பக்கம் துடைப்பத்துக்கிட்ட, மாடு வந்தது பால்காரர் வந்தப்போன்னு சொல்லுவாங்க. வீட்டு வேலை ஒண்ணும் நிக்கல.

ஐப்பசியில தாசில் சாப்பிடறதை நிறுத்திடுச்சு. கொத்தமல்லி வச்சேன், முள்ளங்கி இலை வச்சேன், அருகம்புல் பறிச்சு வந்து போட்டேன். மோந்துகூடப் பாக்கல. மூலையில போய்ச் சுவரைப் பாத்து உட்கார்ந்துக்கிட்டது. முயல் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலன்னாலே ஆபத்தும்மா, குடல் நின்னுடும். கூடையில போட்டு ஆட்டோ பிடிச்சு ஓடினேன். டாக்டர் சின்னப் பொண்ணு. பல்லு, வயிறு எல்லாம் பாத்து, மருந்து கொடுத்து, குழல்ல கரைச்சு ஊத்தி ஒரு வழியா சாப்பிட வச்சிட்டா. அப்புறம் சொல்றா, இது தனியா இருந்து ஏங்கிப் போயிருக்கும்மா, முயல் தனியா இருக்கிற ஜாதி இல்ல, துணைக்கு இன்னொண்ணு சேருங்கன்னு. 

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வீட்டுக்காரர் போய் எட்டு வருஷமா நான் தனியாத்தான் இருக்கேன். எனக்கு என்ன ஆச்சு? நான் சுவரைப் பாத்தா உட்கார்ந்திருக்கேன்? சுவர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன், அது வேற.

அன்னைக்கு வெளியே வந்தா, பெஞ்சுல அந்தக் கோடியில ஜெசிந்தா. மடியில ஒரு அட்டைப்பெட்டி, பெட்டிக்குள்ளேருந்து ரெண்டு வெள்ளைக் காது. அப்பத்தான் எனக்கே தெரியுது. லேப்ல முயல் வளர்க்கிறதை நிறுத்திட்டாங்களாம். கடைசியா மிஞ்சின ஒண்ணை இவங்க கொண்டுவந்து ரெண்டு மாசமா என் வீட்டுலயே ஒளிச்சு வச்சிருக்காங்க. குடியிருக்கிறவங்க எதுவும் வளர்க்கக் கூடாதுன்னு நான் முதல்லயே சொல்லியிருக்கேன். என் வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு ஜீவன். அதுவும் கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சு தையல் பிரிக்க வந்திருக்கு. நான் கூரையைப் பாத்தேன், அவங்க காலண்டரைப் பாத்தாங்க. டாக்டர் பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாதே. ரெண்டு பேர் சீட்டுலயும் ஒரே முகவரியைப் பாத்துட்டு, அட, ஒரே வீடா, அப்புறம் ஏம்மா வேற முயல் தேடுறீங்க, இதுங்க ரெண்டையும் பழக்கிடுங்கன்னு சொல்லிட்டா. என் தாசிலுக்கு அந்த ஆபரேஷன் எப்பவோ ஆச்சு. அதனால குட்டி போடும்ங்கிற கவலையும் இல்ல. மறுக்கிறதுக்கு எனக்கு ஒரு காரணம் சிக்கல.

சேர்க்கிறதுன்னா சும்மா பக்கத்துல விடுறது இல்லம்மா. டாக்டர் ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தா. ரெண்டு முயலுக்கு முப்பத்தஞ்சு சதுர அடியாவது வேணும். எழுந்து நின்னா காது மேல இடிக்கக் கூடாது. மூணு தாவு தாவ இடம் இருக்கணும். தட்டு ரெண்டு, தண்ணி ரெண்டு. ஒளிஞ்சுக்கிற பெட்டிக்கு ரெண்டு வாசல் வேணும், ஒண்ணு உள்ளே வந்தா இன்னொண்ணு தப்பிச்சுப் போக. இதைப் படிச்சப்போ நினைச்சுக்கிட்டேன், நான் பதினெட்டு வருஷம் மாமியாரோட ஒரே வாசல் வச்ச வீட்டுல இருந்தேனேன்னு. அப்புறம் ஒருத்தர் துண்டை இன்னொருத்தர் இடத்துல போட்டு வாசனை பழக்கணும். அதையும் செஞ்சோம். தாசில் படுத்த துண்டை நான் அவங்க தெருவாசல் கதவுப்பிடியில மாட்டிட்டு வருவேன், பஞ்சு படுத்த துண்டு என் தெருவாசல் கதவுப்பிடியில இருக்கும். பேச்சு இல்ல. துண்டு மட்டும்தான்.

அப்புறம் பாருங்க, இந்த ஹால் பன்னண்டுக்குப் பதினாலு. நூத்தி அறுபத்தெட்டு சதுர அடி. நான் நியாயமா, ஒரு இம்மி குறையாம, ஆளுக்கு எண்பத்தி நாலுன்னு நடுவுல கோடு போட்டு, கோட்டு மேல கம்பிவலை நிறுத்தினேன். மாவட்ட ஆபீஸ்ல இருந்து வந்து அளந்தாலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஜெசிந்தா பஞ்சுவை என் தெருவாசப்படி வரைக்கும் கொண்டுவந்து, போடின்னு அதுகிட்ட சொல்லி விட்டுட்டு, அங்கேயே நின்னாங்க. உள்ளே வரல. நான் கூப்பிடவும் இல்ல.

மறுநாள் காலையில கோடு நெடுக ரெண்டு பக்கமும் புழுக்கை. வரிசையா, எல்லைக்கல் நட்ட மாதிரி. தாசில் ஒவ்வொரு நாற்காலிக் காலுலயும் தாடையைத் தேய்ச்சு வச்சிருக்கு. முயல் தாடையைத் தேய்ச்சா இது என்னுதுன்னு முத்திரை குத்துறதா அர்த்தம். வலையை எடுத்தேன் பாருங்க, ரெண்டும் ஒரே உருண்டையாச் சுத்துது, ரோமம் பறக்குது. போர்வையைப் போட்டுப் பிரிச்சேன். சரி, அவங்க வீட்டுல விட்டுப் பாக்கலாம்னா, அங்கே பஞ்சு தாசிலோட காதைக் கடிச்சிடுச்சு. வெள்ளையா, சாதுவா இருக்கேன்னு பாக்காதீங்க.

டாக்டர்கிட்ட போனேன். நான் போட்ட அளவைச் சொன்னா அந்தப் பொண்ணு சிரிக்கிறா. நீங்க பாதி பாதியாப் பிரிச்சுக் கொடுத்தா அது அது தன் பாதியைக் காவல் காக்கத்தானே செய்யும்மா, ரெண்டுக்குமே சொந்தமில்லாத இடமா பாத்து விடுங்க, இதுவரைக்கும் எதுவும் கால் வைக்காத இடம்ங்கிறா. எங்க பாஷையில சொன்னா புறம்போக்கு. யார் பேர்லயும் பட்டா இல்லாத இடம். அவ்வளவு பெரிய வீட்டுல நான் ஒரு அடி விடாம தேடினேன். என் பக்கம் முழுக்கத் தாசில் முத்திரை. அவங்க பக்கம் முழுக்கப் பஞ்சு. மொட்டை மாடிக்குப் போனா பருந்து.

அப்பத்தான் இந்த நடைவழிக் கதவைத் திறந்தேன். ஆடியில சாத்தினது. தூசி அரை விரல் தடிமனுக்கு இருந்துச்சு. ஒரு கால் தடம் இல்ல. அவங்களும் வரல, நானும் போகல. முயல் எங்கே போயிருக்கும்? நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டை மட்டும் எறும்பு தாண்டிப் போய்க்கிட்டிருந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். ஏன்னா, நான் அந்தத் தொட்டியை எடுக்க வச்சதனாலதானே அந்த இடம் அப்படி இருந்துச்சு? இல்லன்னா இந்த ரெண்டுக்கும் இடமே கிடைச்சிருக்காது. அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

நான் பாதி பெருக்கினேன். மறுநாள் பாத்தா மீதிப் பாதி பெருக்கியிருந்துச்சு.

கார்த்திகை ஒண்ணாம் தேதி ஆரம்பிச்சோம். தினமும் அஞ்சரை மணிக்கு. என் வாசப்படியில நான் ஒரு முக்காலி போட்டு, அவங்க வாசப்படியில அவங்க ஒரு முக்காலி போட்டு. நடுவுல முயல். முதல் நாள் பத்து நிமிஷம், ரெண்டும் முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. சண்டை போடாம இருக்கிறதே பெரிசுன்னு டாக்டர் சொன்னா. அடுத்த வாரம் இருபது நிமிஷம். ஆனா மனுஷன் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு முயலைப் பாக்க முடியும்? நான் தாசில்கிட்ட ஏதாவது சொல்லுவேன். அவங்க பஞ்சுகிட்ட ஏதாவது சொல்லுவாங்க. அவங்ககிட்ட நான் பேசல, அதை நீங்க கவனிக்கணும்.

ஒரு நாள் அவங்க இருமிக்கிட்டே இருந்தாங்க. தாசில், சில பேர் ராத்திரிக்கு ரொட்டியைத் தின்னுட்டுப் படுத்துக்கிறாங்க போலன்னேன். பஞ்சு, காய்ச்சல்காரங்க ரொட்டிதான் தின்ன முடியும்னு சொல்லுன்னாங்க. நான் மிளகு ரசம் வச்சு ஒரு சொம்புல ஊத்தி, நடைவழியில நடுவுல கொண்டுபோய் வச்சேன். முயல் ரசம் குடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? சும்மா வச்சேன். மறுநாள் சொம்பு கழுவி நடுவுல இருந்துச்சு. கிறிஸ்துமஸ் அன்னைக்கு அதே இடத்துல ஒரு தட்டு கேக். பஞ்சு, கேக்ல முட்டை போடல, அதைத் தின்னாதவங்களும் தின்னலாம்னு சத்தமா சொன்னாங்க. நல்லா இருந்துச்சு. கொஞ்சம் இனிப்பு தூக்கல். அதைத் தாசில்கிட்ட சொல்லிட்டேன்.

அப்படியே ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு ஆச்சு. முயல் பழகணுமில்ல, அவசரப்படுத்தக் கூடாது. அவங்க பிரின்சிபாலைப் பத்தியெல்லாம் பஞ்சுகிட்ட சொல்லுவாங்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. என் பையன் மஸ்கட்ல இருந்து பொங்கலுக்கு வரலன்னதைத் தாசில்கிட்ட சொன்னேன். அன்னைக்குப் பஞ்சு ஒண்ணும் பதில் சொல்லல. அதாவது, அவங்க சொல்லல. முக்காலியை மட்டும் கொஞ்சம் முன்னால நகர்த்திப் போட்டாங்க. வெளிச்சத்துக்காக இருக்கும்.

தை மாசம் பாதியில பஞ்சு தலையைத் தரையோட வச்சுத் தாசில் முன்னால நீட்டுச்சு. தாசில் கொஞ்ச நேரம் யோசிச்சுது, தாசில்தார் இல்லையா. அப்புறம் குனிஞ்சு அது நெத்தியை நக்கிவிட்டுச்சு. அவ்வளவுதான், சேர்ந்தாச்சு. நான் அந்தப் பக்கம் பாத்தேன், ஜெசிந்தா கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. எனக்கும் தூசி விழுந்துச்சு. அன்னையிலேருந்து ரெண்டும் ராவும் பகலும் இங்கேயேதான். டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டா, சேர்ந்த ஜோடியைப் பிரிக்கவே கூடாது, பிரிச்சா தாசில் மறுபடியும் சாப்பாட்டை விட்டுடும், இந்தத் தடவை தாங்காதுன்னு.

அப்புறம் ஏன் காலி பண்றாங்கன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல, நானே சொல்றேன். வெயில் வருது. நடைவழியில ஃபேன் இல்ல, முயல் சூடு தாங்காது. என் ஹால்ல ஃபேன் இருக்கு, அங்கே வச்சுக்கலாம்னு தாசில்கிட்ட சொன்னேன். பஞ்சு, நம்ம வீட்டுலயும் ஃபேன் இருக்குன்னு பதில். சரி, அது கூடப் பரவாயில்ல. போன வாரம் அவங்க சொல்றாங்க, பஞ்சு, இங்கேயே ஒரு ஃபேன் மாட்டிடலாம், நம்ம மீட்டர்லேருந்து கரண்ட் எடுத்துக்கலாம், யாருக்கும் செலவு வேண்டாம்னு. அவங்க மீட்டர். நடைவழியில. நாளைக்குக் கோர்ட்ல கேட்டா, கரண்ட் யாருது? ஜெசிந்தாவுது. அப்போ அனுபவம் யாருது? முப்பத்தோரு வருஷம் இதைத்தானே பாத்தேன். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. ஃபேன் வேணும்கிறவங்க ஃபேன் இருக்கிற வீடா பாத்துக்கலாம்னு சொன்னேன்.

சுவர்கிட்டதான் சொன்னேன். அவங்ககிட்டயா சொன்னேன்? அதை நோட்டீசா எடுத்துக்கிட்டா நான் என்ன செய்ய? ரெண்டே நாள்ல கருமண்டபம் பக்கம் வீடு பாத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை வண்டி வருதுன்னு பால்காரர் வந்து எங்கிட்ட சொல்றார். சரி, போறவங்க போகட்டும், எனக்கென்ன, போர்டை மாட்டினேன். நானே எழுதின போர்டு. கோணல் இல்லாம வந்திருக்கு, பாத்திருப்பீங்க. இதுவரைக்கும் ஏழு பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. யாருக்கும் அமையல. ஒருத்தர்கிட்ட கொசுவைச் சொன்னேன், ஒருத்தர்கிட்ட வெயிலைச் சொன்னேன். உண்மையைத்தானே சொல்லணும்.

பஞ்சு அவங்களோட போகும். போகட்டும். பாருங்க, அது கனவு காணுது, மூக்கு எப்படி ஆடுது. தாசில் பாவம், அதுக்கு ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னு தெரியாது.

என்னது? பிடிச்சிருக்கா? இன்னும் உள்ளேயே பாக்கலியேம்மா. காத்தோட்டமா இருக்கா? காத்து எல்லாம் மாசி வரைக்கும்தான். அட்வான்ஸ் இப்பவே தர்றீங்களா? வேண்டாம், பையை மூடுங்க. மூடுங்கன்னு சொல்றேன்ல. இவ்வளவு நேரம் பேசாம இருந்துட்டு எடுத்ததும் இப்படியா? வீடு பாக்கிறதுல அவசரமே கூடாது.

கேட் சத்தம் கேக்குதா? வந்துட்டாங்க. அந்தக் கதவு திறக்கும் பாருங்க இப்ப. ஆமா, அவங்கதான் ஜெசிந்தா. கையில காலி அட்டைப்பெட்டி, மடிச்சு எடுத்துட்டு வந்திருக்காங்க, சாமான் கட்டத்தான். உங்களைப் பாத்துட்டாங்க. முகத்தைப் பாருங்க. ஒண்ணுமே இல்லாத மாதிரி வச்சுக்கிறாங்க. இப்ப குனிவாங்க. கேட்டீங்களா? பஞ்சு, வீடு பாக்க ஆள் வந்தாச்சு, நாம சீக்கிரம் கட்டிடணும்னு அதுகிட்ட சொல்றாங்க. அது தூங்குது. தூங்குற முயலை எழுப்பி யாராவது சொல்லுவாங்களா?

அம்மா, நீங்க கிளம்புங்க. கோவிச்சுக்காதீங்க. இந்த வீடு காலி இல்ல. ஆள் இருக்கிற வீடும்மா, உங்களுக்குத்தான் தெரியுதே, அதோ நிக்கிறாங்களே. போர்டு ஏதோ ஒரு கோவத்துல மாட்டினது. போறப்போ அதைக் கொஞ்சம் கழற்றி கேட் உள்பக்கமா வச்சுட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

ஜெசிந்தா. பெட்டியைக் கீழே வைங்க. ஞாயித்துக்கிழமை வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்க. எலக்ட்ரீஷியனை நாளைக்கு வரச் சொல்றேன், இந்த நடைவழிக்கு நடுவுல ஒரு ஃபேன் மாட்டணும். கரண்ட் உங்க மீட்டர்லேருந்தே எடுத்துக்கட்டும். ஆமா, தெரிஞ்சுதான் சொல்றேன்.

என்ன, காது கேக்கல. எதுக்கு அதைப் பாத்துப் பேசறீங்க? நான் இங்கேதானே நிக்கிறேன்.